விருந்தாளிக்குத்தான் முதல் பட்டை

— ஷார்ஷென் அண்ணே, உண்மையச் சொல்லுங்க. உங்களுக்கு ஒரு உடம்பா, ஒம்பது உடம்பா?

— என்ன புருல், வாசல் தாண்டுனதும் நர்ஸ் வேலைய ஆரம்பிச்சுட்டே? மொதல்ல உக்காரு தங்கச்சி. சைரா! புருலுக்கு டீ ஊத்து!

— டீ கெடக்கட்டும். உங்ககிட்ட குடுத்த பிரஷர் மெஷின்ல பதிவான எண்ணையெல்லாம் தட்டிப் பாத்தேன். காலைல நூத்திப்பத்து, மத்தியானம் நூத்தியெழுபது, பொழுது சாய தொண்ணூறு. அய்யோ அண்ணே, இது பிரஷரா, இல்ல உங்க குதிரை மலை ஏறி எறங்குன கணக்கா?

— மெஷின் அருமையா ஓடுது. ஊரே மெச்சுது, நியாயமா சொல்லணும்ல?

— ஊரா? ஊருக்கும் மெஷினுக்கும் என்ன?

— இந்தா பாரு புருல், நான் சொல்றேன். உன் அண்ணன் வர்றவங்க போறவங்க கையிலெல்லாம் அந்த மெஷின் பட்டையக் கட்டி விடறாரு.

— அண்ணி! நெசமாவா?

— ஏன், வீட்டுக்கு வந்தவங்க முன்னாடி நான் மட்டும் கையில கட்டிக்கிட்டு உஸ்ஸு உஸ்ஸுனு உக்காந்திருக்கவா? ரொட்டிய மறைச்சு வெச்சுத் தின்ன மாதிரி ஆகாதா? விருந்தாளிக்குத்தான் மொதல்ல. பெரியவங்களா இருந்தா மேல் எடத்துல உக்கார வெச்சு, மரியாதையாக் கட்டுவேன். நியாயம்தானே?

— நல்ல மரியாதை! இவரு முறை வர்றதுக்குள்ள பேட்டரி தீந்துடும்.

— அய்யோ, தலையே இடிக்குது. டீயில உப்பைக் கொறைச்சா பிரஷர் எறங்குதானு பாக்கத்தானே அண்ணே இந்த ஆராய்ச்சி? நாரின் டவுன்லேந்து டாக்டருங்க நாளைக்கு வர்றாங்க. மலைமேல மேய்க்கிறவங்கள நம்பி எதுக்குனு சிரிச்சாங்க. உப்பு டீ குடிக்கிறது நாங்க, மாத்திரை முழுங்குறது நாங்க, எங்களைக் கேக்காம யாரைக் கேப்பீங்கனு சண்டை போட்டு நம்ம ஊருக்கு வாங்கினேன். இதைப் பாத்தா மெஷினை எல்லாம் சுருட்டிக்கிட்டுப் போயிடுவாங்க. இனி ஒரு ஆராய்ச்சி இந்தப் பக்கம் எட்டிப் பாக்காது.

— சரி சரி, அழாதே. டீயக் குடி.

— தூ! என்ன அண்ணி, வெந்நியாட்டம் சப்புனு இருக்கு?

— நீதானே உப்பக் கொறைக்கச் சொன்னே!

— அது உங்களுக்கு. நான் ஆராய்ச்சியில இல்லையே. அந்த உப்பை இப்படித் தள்ளுங்க. இன்னும் கொஞ்சம்... இன்னும் கொஞ்சம் அண்ணி. ஆங், இப்பத்தான் டீ. சரி, எந்த எண்ணு யாரோடதுனாவது சொல்லுங்க. உள்ளதை உள்ளபடி டாக்டருங்ககிட்ட சொல்லிடறேன். இந்த நூத்தியெழுபது?

— வாத்தியாரு மெடெர்பெக். காய் நகத்துற தாமா ஆட்டத்துல என்கிட்ட தோத்துக்கிட்டிருந்தாரு.

— தொண்ணூறு?

— பக்கத்து வீட்டுப் புது மருமக. மாமியா இல்லாதப்ப வந்து, கட்டின பட்டையோடவே தூங்கிட்டா, பாவம்.

— அவளை நாளைக்கு என்கிட்ட அனுப்புங்க அண்ணி. முழுகாம இருக்காளானு பாக்கணும்.

— பாத்தியா! ஊருக்கே வைத்தியம் பாத்திருக்கேன். பேசாம எல்லாரையும் ஆராய்ச்சியில சேத்துக்கோ தங்கச்சி. ஒருத்தரும் மாட்டேன்னு சொல்ல மாட்டாங்க. வேணும்னா டாக்டருங்களுக்கும் கட்டி விடறேன்.

— சிரிக்காதீங்க அண்ணே. இங்க ஒண்ணு கெடக்கு. நூத்தித் தொண்ணூத்தெட்டு.

— ஆத்தாடி! யாரு அது?

— அதைத்தான் கேக்கறேன். இந்த ஆளு மருந்து மாத்திரை இல்லாம சுத்திக்கிட்டிருக்கு. எப்ப வேணா சுருண்டு விழும். ஆராய்ச்சி போனாப் போகுது, மொதல்ல இந்த ஆளைப் புடிக்கணும். நல்லா யோசிங்க.

— கரி எறக்க வந்தானே, அந்தக் குண்டு லாரிக்காரனோ?

— இல்ல அண்ணே, லாரி வந்தது பின்னாடி. இதுதான் மெஷின்ல ஏறின மொத எண்ணு. நான் கொண்டாந்து குடுத்த அன்னைக்கே, அதே மத்தியானம்.

— அன்னைக்கு ஒரே மழை. வீட்டுப்பக்கம் யாருமே வரலையே.

— யாரோ வந்திருக்காங்க! அண்ணி, நீங்க சொல்லுங்க. ஏன் என்னையே அப்படிப் பாக்கறீங்க?

— இந்தா பாரு புருல், அந்தக் கிண்ணத்தைக் கீழ வை. அன்னைக்கு இவருக்குப் புரியலைனு, "இப்படிக் கட்டணும் அண்ணே, இப்படி"னு கத்திக்கிட்டே, எண்ணைக்கூடப் பாக்காம, நீதான் உன் கையில கட்டிக் காட்டினே.