உதைக்கு முன்னாடியே மன்னிப்பு

...ரொம்ப நேரமா நானே பேசிட்டிருக்கேன், உங்களுக்குக் கண்ணு சொக்குது. நடுவுல ஒரு குட்டிக் கதை வைப்போமா? அந்தப் பக்கம் டீ குடுக்கற அம்மா, கொஞ்சம் நில்லுங்க. டீ ஆறினா சூடு பண்ணிக்கலாம்... கதை ஆறினா ஒண்ணும் பண்ண முடியாது.

ஸ்ரீபெரும்புதூர் பக்கம் மங்கையர்க்கரசின்னு ஒரு அம்மா. வயசு நாப்பதத் தாண்டியாச்சு. பஸ் ஸ்டாண்டு கிட்ட ஜாக்கெட் தைக்கிற கடை வெச்சிருந்தாங்க. ஒருநாள் சாயங்காலம் கடைய மூடிட்டு நடந்து வராங்க... பைக்ல வந்த ஒருத்தன் கழுத்துச் சங்கிலிய அறுத்துட்டுப் போயிட்டான். சங்கிலி போனா போகுதும்மா. கூடவே தைரியமும் போயிடுச்சு. அன்னையிலேர்ந்து வீட்டுக்காரர் வந்து கூட்டிட்டுப் போனாத்தான் வீடு. அவருக்கு ஷிஃப்ட் இருந்தா? வெயில் சாயறதுக்குள்ள கடைக்குப் பூட்டு. ஜாக்கெட் கடைக்குச் சாயங்காலந்தானே ஆளே வரும்? இப்படியே போனா கடை என்னத்துக்கு ஆகும்?

அவங்க குடியிருந்த பிளாட்ஸ்லயே ஒரு கொரியாக்காரப் பொண்ணு, பேரு மின்ஜி. புருஷன் அங்க ஒரு கம்பெனியில இன்ஜினியர். பொழுது போகாம, மொட்டை மாடியில பொம்பளைங்களுக்கு டேக்வாண்டோ சொல்லிக் குடுக்க ஆரம்பிச்சுது. காலாலயே சண்டை போடற வித்தை. நம்ம அரசியம்மா போய்ச் சேந்துட்டாங்க. அதுக்குத் தமிழ் தெரியாது, இவங்களுக்குக் கொரியன் தெரியாது. இங்கிலீஷ்... ரெண்டு பேருக்குமே 'ஓகே' வரைக்குந்தான்.

மின்ஜி மார்ல கவசத்தக் கட்டிக்கிட்டு நின்னு, உதைன்னு சைகை காட்டுச்சு. அரசியம்மா சுடிதார இழுத்து விட்டுக்கிட்டு விட்டாங்க பாருங்க ஒரு உதை... டம்முனு. டீச்சருக்கே பெருமை தாங்கல. அடுத்த உதைக்குத் தயாரா நிக்குது. நம்மாளு என்ன பண்ணாங்க? ஓடிப்போய் அந்தப் பொண்ணு தோளத் தொட்டு... ரெண்டு கண்ணுலயும் ஒத்திக்கிட்டாங்க.

சிரிக்கிறீங்க. நீங்க பண்ண மாட்டீங்களா? பஸ்ல பக்கத்துல இருக்கறவங்க மேல கால் பட்டா, கை தானாப் போகுதா இல்லையா?

பாவம் மின்ஜி. கண்ணுல தூசி விழுந்துடுச்சுன்னு நெனச்சு தண்ணி கொண்டாந்து குடுத்துச்சு. இவங்க அதையும் குடிச்சுட்டு அடுத்த உதை. உடனே தோளு... கண்ணு. உதை. தோளு... கண்ணு. உதைச்சுட்டு இப்படி நின்னா எதிராளி சும்மா இருப்பாளா? மின்ஜி கொரியன்ல திட்டுச்சு, தலையில அடிச்சுக்கிச்சு. ஒண்ணும் நடக்கல.

பரிட்சை வேற நெருங்குது. சென்னையிலேர்ந்து ஒருத்தர் வந்து மோத விட்டுப் பாப்பாரு, தேறினா மஞ்சள் பெல்ட்டு. அரசியம்மா வீட்டுக்காரர்கிட்ட சொல்லிட்டாங்க, "பெல்ட்டு வாங்கிட்டேன்னா மறுநாள்லேர்ந்து நீங்க வர வேணாம், நானே நடந்து வந்துடறேன்"னு. அவ்வளவையும் அந்தப் பெல்ட்டு மேல வெச்சிருந்தாங்க.

அப்பத்தான் ஒருநாள் மின்ஜியோட கால் தப்பிப்போய் அரசியம்மா முட்டியில பட்டுடுச்சு. நல்ல அடி. மன்னிப்புக் கேக்க அந்தப் பொண்ணுக்கு ஒரு வார்த்தை தெரியல. திருதிருன்னு முழிச்சுது... அப்புறம் மெதுவா வந்து, இவங்க தோளத் தொட்டு, தன் கண்ணுல ஒத்திக்கிச்சு.

அரசியம்மாவுக்குப் பொலபொலன்னு கண்ணீர். வலிச்சா அழுதாங்க? எங்கேர்ந்தோ வந்த பொண்ணு, நம்ம மரியாதைய நமக்கே பண்ணுதேன்னு அழுதாங்க. அந்த முகத்தப் பாத்ததும் மின்ஜிக்கும் புரிஞ்சுபோச்சு. இது தூசியும் இல்ல, வியாதியும் இல்ல... மரியாதை.

பரிட்சை நாள். எதிர்ல ஒரு காலேஜ் பொண்ணு நிக்குது. மின்ஜி பரிட்சைக்காரர்கிட்ட ஒரு நிமிஷம்னு கைகாட்டிட்டு, அரசியம்மாவ இழுத்துட்டுப் போய் அந்தப் பொண்ணு முன்னாடி நிறுத்துச்சு. தோளத் தொடுன்னு சைகை. கண்ணுல ஒத்து. இன்னொரு தடவ. இன்னும் ஒண்ணு. இன்னும்... இன்னும். அந்தக் காலேஜ் பொண்ணு, "ஆன்ட்டி, எனக்கு என்ன ஆச்சு?"ன்னு வெலவெலத்துப் போச்சு. மின்ஜி ரெண்டு கையையும் தட்டி உதறிக் காட்டுச்சு. தீந்துச்சு. அப்புறம் அரசியம்மா காலக் காட்டுச்சு.

வெளங்கிடுச்சு அவங்களுக்கு. கேக்க வேண்டிய மன்னிப்பெல்லாம் முன்கூட்டியே கேட்டாச்சு. இனிமே பாக்கி இல்ல.

விட்டாங்க மொத உதை. கை பழக்கத்துல லேசா எழும்புச்சு... எழும்புன கை தோளுக்குப் போகல. மடங்கி, தன் முகத்துக்கு முன்னாடி காவலா நின்னுடுச்சு. அடுத்த உதை. அதுக்கடுத்த உதை. பெல்ட்டு வந்துச்சு. மறுநாள் விளக்குப் போட்ட அப்புறமும் கடை தொறந்திருந்துச்சு. பூட்டிட்டுத் தனியா நடந்து வந்தவங்கள வீட்டுக்காரர் வாசல்ல நின்னு கேட்டாரு, "பயமா இல்லையா?"

"இருந்துச்சு. ஆனா நடந்துட்டேன்."

எதுக்கும்மா இத உங்ககிட்ட சொல்றேன்? போன கிராம சபையில நம்ம மகளிர் குழுவுல ஒருத்தங்க எந்திரிச்சு, "எங்க தெருவுக்கு ஏன் தண்ணி வரல"ன்னு கேட்டாங்க. அருமையான உதை. எனக்குக் கைதட்டணும்போல இருந்துச்சு. அடுத்த மூச்சுலயே என்ன சொன்னாங்க? "தப்பா எடுத்துக்காதீங்க சார், சும்மாதான் கேட்டேன்." சும்மாவா கேட்டோம்? குடத்தத் தூக்கிட்டு அடுத்த தெருவுக்குப் போறது சும்மாவா? மேடையில இருந்த பஞ்சாயத்துத் தலைவரும் சிரிச்சுட்டு அடுத்த விஷயத்துக்குப் போயிட்டாரு. எனக்கு வந்த ஆத்திரம் இருக்கே...

மரியாதை வேணாம்னு நான் சொல்லவே இல்ல. உள்ள நுழையும்போதே வணக்கம் சொல்லுங்க. வாய் நெறையச் சொல்லுங்க. மேடையில இருக்கற அத்தனை பேருக்கும் சொல்லுங்க. அதோட அந்தக் கடமை முடிஞ்சுது. அப்புறம் கேள்வி... கேள்வியக் கேட்டுட்டு மன்னிப்புக் கேக்காதீங்க. புடவையச் சரி பண்ற சாக்குல உக்காந்துடாதீங்க. பதில் வர்ற வரைக்கும் நின்னுக்கிட்டே இருங்க.