கழுத்து நரம்பை விடக் கிட்டத்தில்

திருத்தணியில் கிளம்பிய காலை ரயிலில் என் எதிரே ஒரு கணவனும் மனைவியும். அவர் தர்காக்களில் சூஃபி பாட்டுப் பாடுகிறவர். அந்த அம்மாள் கோபித்துக்கொண்டு, அரக்கோணத்து அண்ணன் வீட்டோடு போய்விடப் பெட்டியுடன் கிளம்பியிருந்தார். நான் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு அவர்கள் பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

“ஆண்டவனப் பொண்ணா வச்சி, கண்ணே உயிரேன்னு உருகறீங்களே, எனக்கு ஒரு வார்த்த மிச்சம் வச்சீங்களா?”

“அது வேற ஆசை. ஆண்டவன் நம்ம கழுத்து நரம்ப விடக் கிட்டத்துல இருக்கான்னு வேதத்துலயே இருக்குது. அதுக்கு அர்த்தம் இன்னான்னா...”

“அவ்ளோ கிட்டத்துல இருக்கறவனுக்கு எதுக்குங்க மைக்செட்டு? எனக்குக் கர்ப்பப்பை எடுத்த அன்னைக்கு வாசலையே பார்த்துகினு கெடந்தேன். நீங்க தர்கா சந்தனக்கூடு விழாவுல பாடிகினு இருந்தீங்க.”

“அன்னைக்கு ஜனமே அழுதுச்சு.”

“ஆங், பக்கத்து பெட் அக்கா போன்ல லைவா காட்டுச்சு. நானும் அழுதேன். வர முடியலன்னு எனக்குத்தான் பாடறீங்கன்னு நெனச்சிகினேன்.”

அரக்கோணத்தில் அந்த அம்மாள் பெட்டியைத் தானே தூக்கிக்கொண்டு இறங்கினார். ரயில் நகரும்வரை பாடகர் இருக்கையிலேயே உட்கார்ந்து தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.