கால் நுழையும் படம்

பூர்ணிமாவுக்குக் கோடு நன்றாக வரும் என்று எங்கள் ஆம்பூர் ஷூ கம்பெனியில் முதலில் சொன்னவன் நான்தான், ஸார். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

நாங்கள் இருவரும் டிசைன் ரூமில் பயிற்சிக்குச் சேர்ந்தவர்கள். யாருடைய படம் சாம்பிள் ஷூ தைக்கப் போகிறதோ அவருக்குத்தான் வேலை நிரந்தரம். அவள் ஒரு வாரம் உட்கார்ந்து பென்சிலில் ஒரே ஒரு லேடீஸ் ஷூ வரைந்தாள். எனக்கு அவ்வளவு நேரம் உட்கார வராது. பென்சில் கோடு மாதிரியே வேண்டும் என்று ஏஐயிடம் கேட்டேன். டீ ஆறுவதற்குள் நாற்பது ஷூ கொடுத்தது.

ஆரம்பத்திலேயே இது உன்னுடையது, அது என்னுடையது என்று பார்த்தால் கூட்டு வேலை நடக்காது. அதனால் அவள் படத்தையும் ஸ்கேன் செய்து, அதே அளவில் பிரிண்ட் எடுத்து, பேர் போடாமல் நாற்பதோடு நாற்பத்தொன்றாகப் போர்டில் ஒட்டினேன். அன்றைக்கு அவளைத் தோல் துண்டு வாங்கிவர வாணியம்பாடிக்கு அனுப்பியிருந்தேன். வெயில் இல்லாத நாள்தான்.

சாம்பிள் ரூம் மாஸ்டர் மஹபூப் பாஷா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

“இன்னாப்பா ஜீவா, இதுல கால் எங்க நொழையும்? வாயே இல்ல. இதுக்குத் தையலே காணோம். காலில்லாத பேய்க்குத்தான் ஆவும் இதெல்லாம்.”

மேனேஜர் சிரித்தார். நானும் சிரித்தேன். கடைசியில் மஹபூப் பாய் ஒரு படத்தின் மேல் விரல் வைத்தார்.

“இது ஷூ. இத யாரு போட்டது?”

நான் கையைத் தூக்கினேன். நாற்பத்தொன்றில் நாற்பது என்னுடையது, ஸார். கை தானாகப் போய்விட்டது.

சாயந்திரம் பூர்ணிமா போர்டு முன்னால் வந்து நின்றாள்.

“இது என்து மாதிரியே இருக்குதே ஜீவா?”

“உன்னோடதப் பாத்துதான் ஏஐ கத்துக்கிச்சு. உன்னோடத பாய் வேணான்ட்டாரு.”

ரொம்ப நேரம் பார்த்தாள்.

“பரவால்ல. என்னவிட நல்லாத்தான் போட்டிருக்குது” என்றாள். வேலை நிரந்தரமானதற்கு எனக்குக் கை கொடுத்தாள். இப்போது வேலூர் லாங் பஜாரில் ஒரு செருப்புக் கடையில் பெட்டி எடுத்துக் கொடுக்கிறாளாம். பென்சிலைத் தொடுவதில்லையாம். அது அவள் இஷ்டம்.

அதற்கப்புறம் நான் கொடுத்த எதிலும் கால் நுழையவில்லை என்று பாய் சொல்லப்போய்த்தானே என்னைக் கூப்பிட்டீர்கள்? மறைக்க ஒன்றுமில்லை. அவளுடைய பென்சில் படம் என் பையில்தான் இருக்கிறது. இதோ. பக்கத்தில் பாய் விரல் வைத்த அந்தப் பிரிண்டையும் வைக்கிறேன்.

நிதானமாகப் பாருங்கள், ஸார். என்னுடையதில் கோடு இன்னும் கொஞ்சம் நன்றாகவே வந்திருக்கிறது.