கடலடிப் பட்டணத்தை உண்டாக்கியவன்

உட்கார்ந்து விளையாடுகிற ஆட்டம் எதுவானாலும் எனக்குப் பிடிக்கும், சார். தாயம், கேரம், சீட்டு, எதற்கும் மாட்டேன் என்று சொன்னதில்லை. தோற்றாலும் முகம் சுளிக்க மாட்டேன். தூத்துக்குடித் துறைமுகத்தில் கஸ்டம்ஸ் கிளியரிங் ஆபீஸில் என்னோடு வேலை பார்க்கிறவர்களைக் கேட்டுப் பாருங்கள். கிளாட்வின் குரலை உயர்த்தி ஒருநாளும் கேட்டதில்லை என்றுதான் சொல்வார்கள்.

ஆன்றோ என் தங்கை விஜிலாவின் புருஷன். சங்கு குளிக்கிறவன். அவன் கடலில் இறந்ததை விபத்து என்று எழுதி முடித்துவிட்டீர்கள். என்னை யாரும் சந்தேகப்படவில்லை. நானாகத்தான் வந்திருக்கிறேன். ஆகவே கொஞ்சம் முறையாகச் சொல்லிவிடுகிறேன். ஆட்டத்திலிருந்து ஆரம்பித்தால்தான் உங்களுக்கு விஷயம் பிடிபடும்.

மில்லர்புரத்தில் என் வீட்டு ஹாலில் இரண்டு மேசைகளைச் சேர்த்துப் போட்டு நீலத் துணி விரித்திருப்பேன். அதுதான் கடல். ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு நாலைந்து பேர் கூடுவோம். போர்த்துக்கீசியர் கப்பல், டச்சுக்காரர் கப்பல், நாயக்கர் படகு எல்லாம் அட்டையிலும் ஈர்க்குச்சியிலும் நானே செய்தவை. முத்துச்சிப்பி விளைகிற பார் யாருக்கு என்பதுதான் சண்டை. காற்று எந்தப் பக்கம், பீரங்கிக் குண்டு எவ்வளவு தூரம் போகும், பாய் கிழிந்தால் கப்பல் எத்தனை கட்டம் நகரும், எல்லாவற்றுக்கும் விதி எழுதியிருந்தேன். அவர்கள் பகடை உருட்டுவார்கள். முடிவைச் சொல்கிற நடுவர் நான்.

ஆன்றோவுக்கு அதில் பெரிய ஆர்வம் கிடையாது. விஜிலாவுக்காக வந்து உட்காருவான். கப்பல் மூழ்கினால், உள்ளே இருந்தவர்கள் என்ன ஆனார்கள் என்று கேட்பான். அட்டைக் கப்பலில் ஆள் ஏது என்பேன்.

இந்த மாதிரி ஆட்டம் வெளிநாட்டில் பழசு, சார். ஜெர்மனிப் பக்கத்துப் பிரஷ்ய ராணுவ அதிகாரிகள் இருநூறு வருஷத்துக்கு முன்பே மேசைமேல் போர் நடத்திப் பழகியிருக்கிறார்கள். அங்கேயும் பகடை உண்டு, நடுவர் உண்டு. பிற்பாடு அமெரிக்காவில் இதைப் பொழுதுபோக்காக ஆடியவர்கள், ஆளுக்கு ஒரு படை என்றிருந்ததை மாற்றி, நாடகம் மாதிரி ஆளுக்கு ஒரு பாத்திரம் என்று வைத்தார்கள். பூதமும் மந்திரமும் உள்ளே வந்தன. எழுபதுகளில் அது அச்சாகிப் பெட்டியில் வந்தது. பிறகு அதை உண்டாக்கியது யார், எழுதியவரா, முதலில் ஆடிக் காட்டியவரா என்று கோர்ட் வரைக்கும் போனது. இதையெல்லாம் நான் படித்திருந்தேன். ஆன்றோ படித்ததில்லை. உலகத்தில் இப்படி ஒன்று இருப்பதே அவனுக்குத் தெரியாது. படித்திருந்தும் அதை நம் கரைக்குக் கொண்டுவர வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை என்பது வாஸ்தவம். தோன்றியிருக்கும். அதற்கு அவகாசம் கிடைக்கவில்லை.

சில வருஷங்களுக்கு முன்னால் எனக்கு டைபாய்டு வந்தது. உள்ளறையில் படுத்திருந்தேன். ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போல எல்லோரும் வந்துவிட்டார்கள். நடுவர் இல்லாமல் ஒன்றும் நடக்காது, டீ குடித்துவிட்டுப் போய்விடுவார்கள் என்று நினைத்தேன். கதவு லேசாகத் திறந்திருந்தது. ஆன்றோ கப்பல்களை ஓரமாக ஒதுக்குகிற சத்தம் கேட்டது. பிறகு, உப்பு வியாபாரம் பார்க்கும் எங்கள் சிநேகிதன் செந்தூர்வேலிடம் அவன் பேசுவது கேட்டது.

"ஏலே செந்தூரு, கப்பல விடு. நீ ஒரே ஒரு ஆளு. பாருல முங்கியிருக்க. கீழ பாத்தா வெளக்கு எரியுது. ஒரு பட்டணம் தெரியுது. கடல்ல செத்தவுக எல்லாம் சந்தைக்குப் போறாவ. என்னல செய்வ?"

செந்தூர்வேல் வாயாடி. எதற்கும் ஒரு கிண்டல் வைத்திருப்பான். அன்றைக்குக் கிண்டல் செய்யவில்லை. அவனுடைய அப்பா தோணியில் சரக்கு ஏற்றிப் போய்த் திரும்பாதவர்.

"எங்க அய்யா அங்கன நிக்காரா?" என்று கேட்டான்.

"நிக்காரு. ஒன்னய இன்னும் பாக்கல."

ஹாலில் ஒருவரும் சிரிக்கவில்லை. விளக்குப் போடுகிற நேரம் வரைக்கும் அவர்கள் மேசையை விட்டு எழுந்திருக்கவில்லை. எனக்குக் கஞ்சி கொண்டுவர விஜிலா மறந்துவிட்டாள். அதைக் குறையாகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

அதற்குப் பிறகு கப்பலாட்டத்தை யாரும் கேட்கவில்லை. நான் முரண்டு பிடிக்கிற ஆள் இல்லை. கப்பல்களை அட்டைப்பெட்டியில் போட்டுப் பரணில் ஏற்றிவிட்டு, ஆன்றோ சொல்வதை எழுத ஆரம்பித்தேன். அவனுக்கு ஒழுங்கு கிடையாது. ஒரு வாரம் பூதம் உப்பைக் கண்டு ஓடும். அடுத்த வாரம் அதே பூதம் உப்பை அள்ளித் தின்னும். நான்தான் உட்கார்ந்து எல்லாவற்றையும் நேர்படுத்தினேன். எவ்வளவு மூச்சுக்கு எவ்வளவு ஆழம், எந்தக் காயத்துக்கு என்ன பலவீனம், பட்டணத்தில் எந்தத் தெருவில் யார் காவல், எல்லாம் என் எழுத்து. 'கடலடிப் பட்டணம்' என்று பெயர் வைத்ததும் நான்.

ஒரே ஒரு விதியை மட்டும் அவன் என்னைத் தொட விடவில்லை. முங்குகிறவன் தன் கயிற்றை இன்னொருவர் கையில் கொடுத்துவிட்டுத்தான் இறங்க வேண்டும். இழுப்பதும் இழுக்காததும் அவர் இஷ்டம். அதற்குப் பகடை கிடையாது. இது நியாயமில்லை, ஆட்டம் என்றால் பகடை வேண்டும் என்று நான் சொன்னேன்.

"கயிறு பிடிக்கவன் மனசுக்குப் பகட எதுக்கு மச்சான்? முத்துக் குளிச்ச காலத்துல கயித்த மச்சான் கைலதான குடுத்தாவ. தங்கச்சி தாலி அறுக்கணும்னு எவனும் நெனைக்க மாட்டாம்லா."

எல்லோரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்த விதியை அவன் சொன்னபடியே எழுதினேன்.

பெங்களூரில் ஒரு கம்பெனி எங்கள் ஆட்டத்தைப் பெட்டியாகப் போட முன்வந்தது. பெட்டிமேல் யார் பெயர் என்று கேட்டார்கள். ஆன்றோவிடம் எப்படிச் சொல்வது என்று நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே, உங்கள் பெயரையே போட்டுக்கொள்ளுங்கள் மச்சான், எனக்கு எதுக்கு என்று சொல்லிவிட்டு சங்கு போடுகிற வலைப்பையில் சிக்கிய முள்ளை எடுக்கப் போய்விட்டான். சண்டை போட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். ஒரு ஆள் உங்களுக்கு விட்டுக்கொடுத்ததை நீங்கள் எப்படி உங்களுடையது என்று சொல்வீர்கள்?

பெட்டி நன்றாக விற்றது. அப்போதுதான் ரம்யா என்ற பெண் சென்னையிலிருந்து வந்தாள். இப்படிப்பட்ட ஆட்டங்களின் வரலாற்றைப் புத்தகமாக எழுதுகிறாள். பிரஷ்யாவில் தொடங்கித் தூத்துக்குடியில் முடிகிற புத்தகம் என்றாள். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. நானும் என் கப்பல்களைப் பரணிலிருந்து இறக்கித் துடைத்து வைத்தேன். அவள் அவற்றைப் போட்டோ எடுத்துக்கொண்டாள். பிறகு, இது முதன்முதலில் எப்படித் தொடங்கியது என்று கேட்டாள்.

அவள் வருவதற்கு முன்பே நான் ஆன்றோவைத் தனியாகப் பார்த்துப் பேசியிருந்தேன். யோசனை என்னுடையது, நான் சொல்லிக்கொடுத்ததை நீ ஆடிப் பார்த்தாய், அவ்வளவுதான் என்று சொல்லச் சொன்னேன். அவன் காரணம் கேட்கவில்லை. அப்படியே சொன்னான். "மச்சான் சொல்லிக் குடுத்தாவ. நான் ஆடுனேன்" என்றான்.

விஜிலாதான் குறுக்கே வந்தாள். "எதுக்கு இப்படிப் பொய் சொல்லுதிய? அண்ணன் அன்னைக்குக் காய்ச்சல்ல கெடந்தாம்லா. அவனுக்கு ஒண்ணுமே தெரியாது."

ரம்யா எழுதிக்கொண்டாள். ஆட்டம் தொடங்கியது எனக்குக் காய்ச்சல் வந்த அன்று என்று. எழுத்தில் அப்படித்தான் நிற்கும் என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. ஆன்றோ என்னைப் பார்த்துச் சிரித்தான். கேலிச் சிரிப்பு இல்லை, சார். கேலி என்றால் பொறுத்துக்கொண்டிருப்பேன். என்மேல் இரக்கப்பட்டுச் சிரித்தான்.

அமெரிக்கக்காரர்களின் வழக்கைப் பற்றி அன்று யோசித்துக்கொண்டிருந்தேன். எழுதியவர், ஆடிக் காட்டியவர் இரண்டு பேருமே உயிரோடு இருந்ததால்தான் அங்கே வழக்கு வந்தது என்று பட்டது. கோபத்தில் யோசித்ததில்லை. நிதானமாகத்தான் யோசித்தேன்.

இனி அந்த நாளைப் பற்றி. ஆன்றோவோடு எப்போதும் கடலுக்குப் போகிறவன் மெல்வின். மேலே இருந்து கயிறு பிடிப்பவன் அவன்தான். அன்றைக்கு மெல்வின் வரவில்லை. நான் வருகிறேன் என்றேன். ஆன்றோவுக்கு ஒரே சந்தோஷம். "விதியெல்லாம் எழுதுனிய, ஒரு நாளாவது கயித்தப் பிடிச்சுப் பாருங்க மச்சான்" என்றான். விஜிலா எனக்கும் சேர்த்துச் சாப்பாடு கட்டிக் கொடுத்தாள்.

இப்போதெல்லாம் சங்கு குளிக்கிறவர்களுக்கு வள்ளத்தில் கம்ப்ரசர் ஓடும். குழாய் வழியாகக் கீழே காற்றுப் போகும். இடுப்பில் கயிறு. எஞ்சின் புகை, கம்ப்ரசர் காற்று இழுக்கிற பக்கமாகப் போகாமல் மேலே இருப்பவன் பார்த்துக்கொள்ள வேண்டும். இதையெல்லாம் போகும்போதே ஆன்றோ எனக்குப் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தான். நல்ல வெயில். கடல் அலையில்லாமல் இருந்தது. அவன் சிலுவை போட்டுக்கொண்டு இறங்கினான்.

கொஞ்ச நேரத்தில் காற்று திரும்பியது. புகை அந்தப் பக்கம் போவதைப் பார்த்தேன். அதன் பிறகு கயிறு அசைந்தது. மறுபடியும் அசைந்தது. தூக்கச் சொல்கிறான் என்று தெரிந்தது. மெதுவாக இழுத்தால் ஒரு சைகை, வெட்டி வெட்டி இழுத்தால் உடனே தூக்கு என்று சைகை. இது வெட்டி இழுப்பதாக இருந்தது. கயிறு கையை விட்டுப் போய்விடாதபடி வள்ளத்தின் குறுக்குக் கட்டையில் காலை ஊன்றிப் பிடித்துக்கொண்டேன். இழுக்கவில்லை. உள்ளங்கை கிழிந்தது. இவ்வளவு பலம் அவனிடம் இருக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. அப்புறம் அது குறைந்தது. குறைந்த பிறகும் ரொம்ப நேரம் சின்னச் சின்னதாக வந்துகொண்டிருந்தது, தூக்கத்தில் குழந்தை கையை அசைக்குமே, அந்த மாதிரி. முற்றிலும் நின்ற பிறகு தூக்கினேன். பக்கத்துப் பாரில் நின்ற வள்ளத்துக்குத் துண்டை வீசிக் காட்டினேன்.

உங்கள் ரிப்போர்ட்டில் இரண்டு இடத்தைத் திருத்திக்கொள்ளுங்கள். மெல்வின் தானாக வராமல் போகவில்லை. என் பழைய பைக்கைச் சாத்தான்குளத்தில் ஒருவரிடம் காட்டிவிட்டு வா என்று அனுப்பியது நான். காற்றும் திரும்பவில்லை. காலையிலிருந்து ஒரே பக்கமாகத்தான் வீசிக்கொண்டிருந்தது. ஆன்றோ கீழே போனதும் நங்கூரக் கயிற்றை மாற்றிக் கட்டி வள்ளத்தைத் திருப்பியது நான். முந்தின வாரமே யோசித்து வைத்ததுதான்.

அடக்கத்தில் பெட்டியை முன்னால் தூக்கியது நான். கல்லறையிலிருந்து வந்ததும் விஜிலா என் உள்ளங்கையை விரித்துப் பார்த்தாள். கயிறு அறுத்த தடம் அப்போதும் பச்சையாக இருந்தது. புருஷனைக் காப்பாற்ற அண்ணன் அந்த இழுப்பு இழுத்திருக்கிறான் என்று அவள் நினைத்தாள். அந்தக் காயத்தில் முத்தம் கொடுத்தாள். நான் கையை எடுக்கவில்லை. துக்கத்தில் இருக்கிறவளைத் தள்ளிவிடுவது சரியில்லை.

மறுபடி ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் தொடங்கும் என்று நினைத்தேன். தொடங்கியது. ஆனால் என் வீட்டில் இல்லை. விஜிலா நடத்துகிறாள், தன் வீட்டில். கடலடிப் பட்டணத்துச் சந்தையில் இப்போது ஆன்றோவும் நிற்கிறானாம். செந்தூர்வேல் சொன்னான். என்னைக் கூப்பிட்டார்கள். கயிறு பிடிக்கிற பாத்திரம் உங்களுக்குத்தான் அண்ணாச்சி என்றான். நான் போகவில்லை.

போன மாதம் ரம்யாவின் புத்தகம் வந்தது. எங்கள் கரையைப் பற்றிய அத்தியாயம் முழுக்க ஆன்றோதான். எங்கோ யாரோ உண்டாக்கியதை, கேள்விகூடப் படாமல், ஒரு சங்கு குளிக்கிறவன் தானாகவே மறுபடி உண்டாக்கினான் என்று எழுதியிருக்கிறாள். என் கப்பல் போட்டோவும் இருக்கிறது. அதற்குக் கீழே, முன்பு ஆடிவந்த ஒரு ஆட்டம் என்று மட்டும் போட்டிருக்கிறது. இதெல்லாம் யார் சொன்னது என்று ரம்யாவுக்குப் போன் போட்டுக் கேட்டேன். ஆன்றோ இறந்த பிறகு விஜிலா நாள் கணக்கில் உட்கார்ந்து சொன்னாளாம். ஒன்றும் விட்டுப் போகக் கூடாது என்று அழுதுகொண்டே சொன்னாளாம்.

அதனால்தான் வந்தேன். அவன் போனதற்காக வரவில்லை. அது முடிந்த விஷயம். என்ன தண்டனையானாலும் வாங்கிக்கொள்கிறேன், வக்கீல்கூட வேண்டாம். ஆனால் நீங்கள் எழுதுகிற என் வாக்குமூலம் கோர்ட்டுக்குப் போகிற காகிதம். நாளைக்கு வரலாறு எழுதுகிறவர்கள் அதையும் படிப்பார்கள். அதில் விதிகள் அத்தனையும் எழுதியவன் கிளாட்வின் என்று தெளிவாக இருக்க வேண்டும்.

விஜிலாவைக் கூப்பிட்டு விடுவீர்கள் என்று தெரியும். முதலில் வள்ளத்தில் நடந்ததைச் சொல்லுங்கள். அழுவாள், அழுது முடிக்கட்டும். பிறகு ஆட்டத்தை உண்டாக்கியது யார் என்று கேளுங்கள். அண்ணன்தான் என்று அவள் வாயால் ஒரு தடவை சொன்னால் போதும், சார். அவள் எனக்குச் செய்ததை நான் மன்னித்துவிடுவேன்.