கோரைப்பள்ளத்தை விட்டுப் போகாத வாத்துகள்

பறவை பார்க்க வருகிறவர்களை வெறும் வயிற்றோடு நிறுத்தி வைக்கக் கூடாது என்பது என் அனுபவம். பசித்தவனுக்குக் கொக்கும் ஒன்றுதான், கொய்யாமரமும் ஒன்றுதான். அதனால் வண்டியை மஞ்சக்குட்டையில் நிறுத்தி, ஆளுக்கு நான்கு இட்லி உள்ளே போன பிறகுதான் கோரைப்பள்ளத்துக்கு அழைத்துப் போவேன். விசாரணைக்கு வந்த நீங்கள் கேட்டது இதை இல்லை என்று தெரியும், மேடம். ஆனால் நான் எப்படிப்பட்ட ஆள் என்று தெரிந்தால்தான் மற்றது விளங்கும். நம்மை நம்பி மலையேறி வந்தவர்கள் முகம் வாடினால் எனக்குத் தாங்காது.

பொன்னுவேல் என்று எழுதிக்கொள்ளுங்கள். வயது ஐம்பத்தேழு. இருபத்திரண்டு வருஷம் எஸ்டேட்டில் ஜீப் ஓட்டினேன். கோரைப்பள்ளத்தைப் பாதுகாக்கப்பட்ட ஈரநிலம் என்று அறிவித்துப் பலகை நட்டபோது, வழிகாட்டி வேலைக்கு முதலில் போய் நின்றவன் நான்தான். அன்றைக்கு எனக்குக் காக்காயும் குயிலும் தெரியும். மற்றதெல்லாம் ஈவ்லின் டீச்சரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டது. ஏற்காட்டில் பள்ளிக்கூட வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். சனிக்கிழமை தவறாமல் ஒரு நோட்டும் பைனாகுலருமாக வந்துவிடுவார். நான் ஒரு பறவைக்குத் தப்பாகப் பெயர் சொன்னால், அந்தப் பறவையிடம் மன்னிப்புக் கேட்பது போல அதன் பக்கம் திரும்பித் தலையை ஆட்டுவார்.

கோரைப்பள்ளம் ஒன்றும் பெரிய ஏரி இல்லை. வாழவந்திப் பக்கம், காப்பித் தோட்டங்களுக்கு நடுவே, கோரைப்புல் மண்டிய சதுப்பு. நடுவில் கொஞ்சம் தண்ணீர். இருக்கிற பறவைகளோ விருந்தாளி வந்தால் உள்ளறைக்குள் போய்க்கொள்கிற ரகம். கானாங்கோழி ஆளைக் கண்டாலே புதருக்குள் நுழைந்துவிடும். முக்குளிப்பானை, "அதோ" என்று நான் கை நீட்டி முடிப்பதற்குள் அது தண்ணீருக்குள் போய்விடும். பிறகு எல்லோரும் என் விரலைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்கள். பெங்களூர்க்காரர்கள் பீரங்கி மாதிரி கேமராவைத் தூக்கிக்கொண்டு வந்து, அட்டைப்பூச்சியைப் படம் எடுத்துக்கொண்டு போவார்கள். ஒருமுறை சேலத்து அம்மா ஒருவர் என்னை ஆறுதலாகப் பார்த்து, "பரவால்லீங்க, காத்து நல்லா இருக்குது" என்றார். அந்த ஒரு வார்த்தை என்னை ஒரு வாரம் சரியாகச் சாப்பிட விடவில்லை.

போன வருஷம் பொங்கல் கழிந்த வாரம், இரண்டு வாத்துகள் வந்து இறங்கின. சாம்பல் உடம்பு, வெள்ளைத் தலை, பின்னந்தலையில் இரண்டு கறுப்புப் பட்டை. டீச்சர் பார்த்துவிட்டு நோட்டைக் கீழே போட்டுவிட்டார்.

"வரித்தலை வாத்து, பொன்னுவேல். இமயமலைக்கு மேல பறந்து வந்திருக்கு. மனுசனுக்கு மூச்சு முட்டுற உயரம். எங்கேயோ போற வழியில களைச்சுப்போய் இங்க இறங்கியிருக்கு."

"ஜோடிங்களா டீச்சர்?"

"ஜோடிதான். ஒண்ணை விட்டு ஒண்ணு இருக்காது."

அதற்கப்புறம் கோரைப்பள்ளத்தின் கதையே மாறிவிட்டது. இந்த வாத்துகளுக்கு வெட்கம் கிடையாது. கரையில் வந்து மேயும். நான் ராகி முளைகட்டிக் கொண்டுபோய்ப் போட்டேன். பறவைகளுக்கு உணவளிக்காதீர் என்று பலகையில் எழுதியிருக்கிறது. அது சுற்றுலா வருகிறவர்களுக்கு. ஒரு மாதத்தில் இரண்டும் என் காலடிக்கு வந்தன. பெண் வாத்து என் கையிலிருந்தே தின்னும். வந்தவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள், சிலர் அழுவார்கள். அட்டைப்பூச்சியை ஒருவரும் சீண்டவில்லை.

மார்ச் பிறந்ததும் டீச்சர் சொன்னார். "இந்த மாசம் முடியறதுக்குள்ள கிளம்பிடும். கடைசியா ஒரு தடவை எல்லாரும் வந்து பார்க்கட்டும்."

கோடை சீசனுக்கு இரண்டு மாதம் இருந்தது. எத்தனையோ பேர் போன் செய்து, பிள்ளைகளுக்குப் பரீட்சை முடிந்ததும் வருகிறோம் என்று சொல்லி வைத்திருந்தார்கள். அவர்களுக்கு நான் என்ன பதில் சொல்வது? வாத்துகள் உங்களைக் கேட்டுக்கொண்டா போகும் என்றா?

என் மனைவி அருக்காணி தையல் வேலை செய்கிறவள். அவளுடைய கத்தரிக்கோலை எடுத்துப் போனேன். ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம், யாரும் இல்லாத நேரம். பெண் வாத்து வழக்கம்போலக் கைக்கு வந்தது. துண்டைப் போட்டு மடியில் வைத்துக்கொண்டு, இடது சிறகில் மட்டும், நீளமான இறகுகள் ஏழு வெட்டினேன். நகம் வெட்டுகிற மாதிரிதான், மேடம். ரத்தமும் வராது, வலியும் இராது. அது சத்தம்கூடப் போடவில்லை. என்னை நம்பியது.

ஆண் வாத்தை நான் தொடவில்லை. தொட வேண்டிய தேவையும் வரவில்லை. தினம் விடியற்காலையில் அது மேலே எழும்பும், வட்டம் போடும், கூப்பிடும். கீழே இருந்து பதில் வரும். கால்மணி நேரம் கழித்து இறங்கிவிடும். காலை ஆறரைக்கு வந்தால் பார்க்கலாம் என்று எல்லோருக்கும் சொல்லி வைத்தேன். இறங்கும்போது கைதட்டுவார்கள். ஏற்காட்டின் குளிரில் மயங்கி வாத்துகள் ஊருக்குப் போக மறுத்துவிட்டன என்று செய்தியெல்லாம் போட்டார்கள். டீச்சர் மட்டும் கைதட்டவில்லை. வாத்துகளுக்கு உடம்பு சரியில்லையோ என்று பைனாகுலரில் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருப்பார். நல்ல மனுஷி. எதற்கெடுத்தாலும் கவலைப்படுவார்.

இனி சித்தன். அங்கே வாட்சராக இருந்தவன். வாழவந்திக்காரன், கொஞ்சம் நிலத்தில் ராகியும் மிளகும் வைத்திருந்தான். பேச்சுக் குறைவு, பார்வை அதிகம். மே மாதம் ஒருநாள் என்னிடம் வந்தான்.

"ஏனுங்ணா, அந்தப் பொட்டை வாத்துக்கு ஒருபக்கம் றெக்கை கட்டையா இருக்குதுங்களே."

"வயசாயிருச்சு சித்தா. நமக்கு முடி கொட்டறதில்லையா?"

"கொட்டுன மாதிரி தெரியலீங்ணா. நறுக்குன மாதிரி இருக்குது. நாளைக்கு பாரஸ்ட் ஆபீசுல ஒரு வார்த்தை சொல்லிப் போடலாம்னு இருக்கறேனுங்க."

தப்பாக ஒன்றும் சொல்லவில்லை, அவன் வேலை அது. ஆனால் சீசன் உச்சத்தில் இருந்தது. அதனால் நான் அன்று சாயங்காலமே ஆபீசுக்குப் போன் செய்தேன். சித்தனின் காவல் கொட்டகையைச் சோதித்துப் பார்த்தால் நல்லது என்று மட்டும் சொன்னேன். காகிதத்தில் சுற்றி நான் பத்திரமாக வைத்திருந்த ஏழு இறகும் அங்கே, அவனுடைய சாக்குப் படுக்கைக்கு அடியில் இருந்தன. அவன் தொப்பியும் சீருடையும் ஒப்படைத்துவிட்டுப் போனபோது, பஸ் நிறுத்தம் வரைக்கும் நான்தான் ஜீப்பில் கொண்டுபோய் விட்டேன். வழியில் ஆறுதலாக நாலு வார்த்தையும் சொன்னேன்.

அவன் மனைவி கண்ணம்மாள் எங்கள் வீட்டுக்கு வந்தாள். வாசலிலேயே நின்றாள்.

"எங்கூட்டுக்காரரு ஊட்டுல கோழிகூட அறுக்க மாட்டாருங்க. நாந்தான் அறுக்கோணும். அவரப் போயி எல்லாரும் இப்படிப் பேசறாங்க. நீங்க பெரியவங்க, ஆபீசுல ஒரு வார்த்தை சொல்லுங்க."

"சொல்லறேன் கண்ணு" என்றேன். சொல்வதாகத்தான் இருந்தேன். அருக்காணி அவளுக்குக் காப்பி கொடுத்தாள். அவள் குடிக்கவில்லை. சித்தன் இப்போது கொட்டச்சேட்டில் எஸ்டேட் கூலிக்குப் போகிறான் என்று கேள்வி. நல்ல காற்று, கௌரவமான வேலை.

ஆடி மாதத்தில் இந்த வாத்துகளுக்குப் பழைய இறகு உதிர்ந்து புதிது முளைக்கும் என்பது எனக்குத் தெரியாமல் போயிற்று. ஒருநாள் பார்த்தால் பெண் வாத்து இரண்டு சிறகையும் விரித்து, தண்ணீர் மேல் ஓடிப் பழகிக்கொண்டிருக்கிறது. விடாமுயற்சி என்றால் அதுதான். ஒரு குடும்பத்துப் பிள்ளைகள் அதைப் பார்த்து உற்சாகமாகக் கத்தினார்கள். மறுநாள் மத்தியானம் மறுபடியும் வெட்டினேன். இந்தத் தடவை அது கைக்கு வர யோசித்தது. ராகி கொஞ்சம் அதிகமாகப் போட வேண்டியிருந்தது.

இந்த வருஷம் மார்ச்சில் நடந்ததைத்தான் நீங்கள் முதலில் கேட்டீர்கள். நான் கடைசியில் சொல்கிறேன். மூன்றாவது வாரம், திருப்பூரிலிருந்து ஒரு வேன். ஓட்டியவர் தனபால், நிதானமான ஆள். முன்சீட்டில் அவர் பக்கத்தில் நான். பின்னால் பன்னிரண்டு பேருக்கு அந்த வாத்துகளின் பாசத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டே வந்தேன். மூடுபனி நன்றாக இறங்கியிருந்தது. கோரைப்பள்ளத்துக்கு முன்னால் இரண்டு கிலோமீட்டரில் ஒரு வளைவு இருக்கிறது. அங்கே நடுரோட்டில் இரண்டும் வந்துகொண்டிருந்தன. ஒன்றின் பக்கத்தில் ஒன்று, வடக்குப் பார்த்து, பொறுமையாக நடந்து.

தனபால் பிரேக் போட்டார். ரோடு ஈரம்.

பெண் வாத்து ஓரத்துக்குத் தெறித்து விழுந்து, எழுந்துகொண்டது. ஆண் வாத்து எழுந்திருக்கவில்லை. வேனில் இருந்த ஒரு சின்னப் பெண், "இதுங்கதானா நாம பார்க்க வந்தது?" என்று கேட்டாள். ஆமாம் என்று சொன்னேன். கேட்டால் பதில் சொல்ல வேண்டியது என் வேலை.

டீச்சருக்கு யாரோ போன் செய்து, அவர் ஆட்டோவில் வந்தார். செத்ததன் பக்கத்தில் நகராமல் நின்ற பெண் வாத்தைத் தூக்கி, இடது சிறகை விரித்துப் பார்த்தார். எல்லா இறகும் ஒரே நேர்க்கோட்டில் நின்றன.

"இது கத்தரிக்கோல், பொன்னுவேல்."

பிள்ளைகளை வேனுக்குள் ஏறச் சொன்னேன்.

"சித்தன் போயிப் பத்து மாசம் ஆச்சு. ஆடியில முளைச்ச இறகை யாரு வெட்டினது?"

அந்தக் கணக்கை நான் யோசித்திருக்கவில்லை என்பதை ஒத்துக்கொள்கிறேன். டீச்சர் எப்போதும் தேதி குறித்து வைக்கிறவர். வாத்தைச் சேலையில் சுற்றிக்கொண்டு போய்விட்டார். இறகு வளரும்வரை தன் வீட்டில் வைத்திருக்கப் போகிறாராம். சீசன் நேரத்தில் அது சரியா என்று நீங்கள்தான் அவரிடம் கேட்க வேண்டும்.

ஆகவே எழுதிக்கொள்ளுங்கள். இரண்டு தடவையும் இறகை வெட்டியது நான். சித்தன் கொட்டகையில் வைத்தது நான். போன் செய்தது நான். கையெழுத்து எங்கே வேண்டுமோ அங்கே போடுகிறேன். சித்தன் வந்தாலும் அவன் முன்னாலேயே இதைச் சொல்கிறேன். அவன் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை.

ஒன்று மட்டும் எனக்கு விளங்கவில்லை, மேடம். செத்தது நான் தொடாத வாத்து. அதற்கு இரண்டு சிறகும் முழுசாக இருந்தன. அதை யாரும் பிடித்து வைக்கவில்லை. நினைத்த நேரம் ஒரு வீச்சில் மேலே போயிருக்கலாம். பறக்க முடிந்த வாத்து எதற்காக இரண்டு கிலோமீட்டர் நடந்து வந்தது? உங்களுக்குத் தெரிந்தால் சொல்லுங்கள். அடுத்த சீசனில் வருகிறவர்கள் கட்டாயம் கேட்பார்கள்.