எங்கள் கூரையில் மட்டும் மழை

அந்த மின்விசிறியைக் கொஞ்சம் குறைக்கச் சொல்ல முடியுமா? காற்று நேராக முகத்தில் அடித்தால் எனக்குத் தும்மல் வரும். தும்மிக்கொண்டே வாக்குமூலம் கொடுப்பது உங்களுக்கும் அழகில்லை, எனக்கும் அழகில்லை. நன்றி.

சாயம் தயாரிக்கும் ஆலையில் நான் சுற்றுச்சூழல் அதிகாரி. என் வேலை என்னவென்று பலருக்குப் புரிவதில்லை. பெண் கொடுக்கும்போது என் மாமனாரே, "மரம் நடுற வேலையா மாப்பிள்ளை?" என்று கேட்டார். இல்லை. ஆலைக்கும் வெளியுலகத்துக்கும் நடுவில் விதி என்று ஒன்று இருக்கிறது. அதைப் படிப்பதுதான் என் வேலை. முதலாளி படிக்க மாட்டார். சோதனைக்கு வருகிறவர்களுக்கும் நேரம் கிடைத்ததில்லை. வரிவரியாகப் படித்தவன் நான் ஒருவன்தான். இங்கே உட்கார்ந்திருப்பவனும் நான் ஒருவன்தான் என்பதைக் கவனித்திருப்பீர்கள்.

விதி மிக எளிது. ஆலையின் கழிவுநீரைச் சுத்திகரிக்காமல் வெளியே விடக் கூடாது. மழைநீரை விடலாம். கூரையில் விழுகிற மழை தனி வடிகாலில் ஓடிப் பக்கத்துக் கடற்கரையில் போய் விழும். அந்த வடிகாலுக்கு ஒரு மதகு உண்டு. கூரையில் இருக்கிற மழைமானியில் தண்ணீர் ஏறினால் மதகைத் திறக்கலாம். ஏறாவிட்டால் மூடியே இருக்க வேண்டும்.

போன கோடையில் எங்கள் சுத்திகரிப்பு நிலையம் படுத்துவிட்டது. சரிசெய்ய ஆலையைக் கொஞ்ச நாள் நிறுத்த வேண்டும் என்று முதலாளியிடம் சொன்னேன். அவர் கோபப்படவில்லை, கோபப்படுகிற மனிதரே இல்லை அவர்.

"நிறுத்துறதுக்கு எனக்கு ஆள் வேணாம்பா. ஓட்டுறதுக்குத்தான் உனக்குச் சம்பளம்" என்றார். பிறகு, "மழை பெஞ்சா அந்த மதகைத் திறக்கலாம்ல?" என்று கேட்டார்.

"மழை வந்தா திறக்கலாம் சார்."

"அப்ப வர வை."

வர வைத்தேன். கூரையில் தூசி படிகிறது என்று சொல்லி நீர்த் தெளிப்பான்களை வரிசையாகப் பொருத்தினேன். தூசி படிந்தது உண்மைதான். மழைமானி அதே கூரையில் ஓர் ஓரமாக நின்றிருந்தது. அதை நான் தொடவில்லை என்பதைத் தயவுசெய்து குறித்துக்கொள்ளுங்கள். மழைமானியை நகர்த்துவது விதிமீறல். ஊரெல்லாம் வெயில் கொளுத்தும்போது எங்கள் கூரையில் மட்டும் மழை பெய்தது. மானி அதை ஏற்றுக்கொண்டது, மதகு திறந்தது. கூரைத் தண்ணீரோடு கழிவுத் தொட்டித் தண்ணீரும் கொஞ்சம் போனது. கொஞ்சம் என்றால், முழுவதும். மழை வானத்திலிருந்துதான் விழ வேண்டும் என்று விதியில் எங்கேயும் எழுதவில்லை. நான் தேடிப் பார்த்தேன்.

சோதனை அதிகாரி வந்தார். மானியை எட்டிப் பார்த்துவிட்டு, "உங்க பக்கம் நல்ல மழை போலிருக்கே" என்றார். "ஏதோ புண்ணியம் சார்" என்றேன். அவரும் சிரித்தார், நானும் சிரித்தேன். போகிற வழியில் கடற்கரையிலும் சோதித்தார். முழங்கால் ஆழக் கடலில் மாதிரி எடுக்க வேண்டும் என்பது விதி. அப்படியே எடுத்தார். கடல் எவ்வளவு பெரியது. சுத்தமாக இருந்தது.

ஆனால் வடிகால் விழுகிற இடம் கடல் இல்லை, மணல். அங்கே தண்ணீர் தேங்கி ஒரு குட்டை உண்டாயிற்று. குழந்தைகளுக்கு இடுப்பளவு ஆழம். அலை கிடையாது. கொதிகலனைத் தாண்டி வருகிற தண்ணீர் என்பதால் வெதுவெதுப்பாக இருந்தது. நிறம் இல்லை, சாயத்துக்கு நிறம் வருவது அதற்கு அடுத்த கட்டத்தில். லேசாக மீன் வாடை மட்டும் வீசியது. கடற்கரையில் மீன் வாடை வீசினால் யார் மூக்கைச் சுளிப்பார்கள்?

அந்தக் குட்டையைக் கண்டுபிடித்தவர் நீச்சல் மாஸ்டர். அலையைக் கண்டு அலறுகிற சின்னப் பிள்ளைகளுக்கு அங்கே வகுப்பு ஆரம்பித்தார். ஒரு நாள் சாயங்காலம் நடந்துகொண்டிருந்த என்னை மறித்தார்.

"சார், நீங்க தண்ணி சம்பந்தப்பட்ட ஆபீசர்தானே? இந்தத் தண்ணி மட்டும் ஏன் சார் சூடா இருக்கு?"

"மணல் சூடு."

"பிள்ளைங்க இறங்கலாம்ல சார்? நீங்க ஒரு வார்த்தை சொன்னா எனக்கு நிம்மதி."

என் இடத்திலிருந்து யோசியுங்கள். கூடாது என்றால் ஏன் என்று கேட்பார். ஏன் என்று சொன்னால் ஆலை நிற்கும். ஆலை நின்றால் அத்தனை குடும்பத்தின் அடுப்பு நிற்கும். என் சம்பளத்தைப் பற்றி நான் யோசிக்கவே இல்லை என்று சொல்லமாட்டேன், கடைசியாகத்தான் யோசித்தேன். "எதுக்கும் சோதிச்சுப் பாத்துடலாம்" என்று பாட்டிலை எடுத்துக்கொண்டு போனேன். அவர் பிள்ளைகளுக்கு மூச்சடக்கச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார், திரும்பிப் பார்க்கவில்லை. நான் பேன்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு முழங்கால் ஆழக் கடலில் பாட்டிலை நிரப்பினேன். விதிப்படி.

சுத்தம் என்று முடிவு வந்தது. மாஸ்டர் அந்தத் தாளைக் கண்ணாடிக் காகிதத்தில் சுற்றிக் குட்டைப் பக்கத்துக் கம்பத்தில் கட்டினார். பிள்ளைகள் இரண்டு மடங்கானார்கள்.

அதில் ஒருத்தி என் மச்சினியின் மகள். ஆள் அவ்வளவு சின்னது என்பதால் நாங்கள் பட்டாணி என்று கூப்பிடுவோம். "மாமா சோதிச்சுக் குடுத்த தண்ணி, நான் ஏன் பயப்படணும்?" என்று மச்சினி எல்லோரிடமும் பெருமையாகச் சொன்னாளாம். பட்டாணி என் மடியில் உட்கார்ந்து, "பெரியப்பா, நான் தண்ணிக்குள்ள கண்ணை மூடவே மாட்டேன், தெரியுமா?" என்றாள். "சமத்து" என்றேன்.

என் மகளும் வகுப்புக்குப் போக வேண்டுமென்று அடம்பிடித்தாள். சளி பிடிக்கும், வேண்டாம் என்றேன்.

"அவளுக்கு எங்க சளி?" என்றாள் என் மனைவி.

"இனிமே வரும்."

ஒரு தகப்பனுக்குப் பிள்ளையின் உடம்பு தெரியாதா? இதை ஏன் இவ்வளவு பெரிதாக எழுதிக்கொள்கிறீர்கள் என்று எனக்குப் புரியவில்லை.

பிறகு ஒரு நாள் தொட்டிகள் நிரம்பி வழிகிற நிலைமை. முழு மதகையும் திறக்கச் சொன்னேன். கூரையில் மத்தியானம் முழுக்க அடைமழை. சாயங்காலம் தண்ணீரிலிருந்து ஏறிய பிள்ளைகள் தலை வலிக்கிறது என்று மணலில் உட்கார்ந்துவிட்டார்கள். சிலர் வாந்தி எடுத்தார்கள். பட்டாணியின் உதடு நீலமாகியிருந்தது. குளிர் என்று நினைத்துத் துண்டால் போர்த்தினார்களாம். வெந்நீரில் நின்றவளுக்கு ஏது குளிர்? மாஸ்டர் அவளைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிவரை ஓடினார். மற்றப் பிள்ளைகள் தேறிவிட்டார்கள். பட்டாணி தேறவில்லை.

இறுதிச் சடங்கு வேலையெல்லாம் நான்தான் பார்த்தேன். மச்சினி புருஷனால் எழுந்து நிற்கவே முடியவில்லை. "நீங்க இல்லேன்னா நாங்க என்ன ஆகியிருப்போமோ" என்று அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

மாஸ்டரைக் கைது செய்தார்கள். பொதுக் கடற்கரையில் அனுமதியில்லாமல் வகுப்பு நடத்தியதாக வழக்கு. என்னை விசாரித்தார்கள். அனுமதி வாங்கினாரா என்றார்கள், இல்லை என்றேன். அது உண்மை. "சார், நீங்கதானே தண்ணியை டெஸ்ட் பண்ணிக் குடுத்தீங்க?" என்று அவர் என்னைப் பார்த்துக் கேட்டார். கடல்நீரைத்தான் சோதித்தேன், தாளிலும் கடல்நீர் என்றுதான் இருக்கிறது என்று பொறுமையாக விளக்கினேன். அதுவும் உண்மை.

என்னை மாட்டிவிட்டது அவர் மனைவி. புருஷனுக்காக நான் நல்ல வார்த்தை சொல்ல வேண்டும் என்று கேட்க ஆலை வாசலுக்கு வந்தாள். உச்சி வெயில். நிழலுக்காகச் சுவரோரம் ஒதுங்கியவள்மேல் கூரையிலிருந்து சாரல் அடித்தது. நான் வெளியே வந்தபோது நனைந்த முந்தானையைப் பிழிந்துகொண்டு மேலே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இங்க மட்டும் மழை பெய்யுதா சார்?"

"தூசிக்காக" என்றேன்.

அவள் வந்த காரியத்தை விட்டுவிட்டு, வடிகாலை ஒட்டியே நடக்க ஆரம்பித்தாள். அது எங்கே போய் முடிகிறது என்று பார்த்துவிட்டு நேராக உங்களிடம் வந்தாள். படிக்காதவள் என்று நினைத்திருந்தேன். பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராம்.

ஆக, தெளிப்பான் வைத்தது நான். மதகைத் திறக்கச் சொன்னது நான். பாட்டிலைக் கடலில் நிரப்பியதும் நான். இதில் எதையும் நான் மறுக்கவில்லை. ஆஸ்பத்திரி வராந்தாவைப் பற்றி நீங்கள் கேட்டதுதான் பாக்கி. அதையும் சொல்லிவிடுகிறேன்.

நான் போய்ச் சேர்ந்தபோது குழந்தைக்கு உயிர் இருந்தது. சொந்தக்காரர்கள் எல்லோரும் வராந்தாவில் நின்றிருந்தோம். டாக்டர் வெளியே வந்தார், சின்ன வயதுப் பெண். "ஆக்சிஜன் குடுத்தும் நீலம் போகலை. ஏதோ கெமிக்கல் உடம்புல இறங்கியிருக்கு. என்னன்னு தெரிஞ்சா உடனே மாத்து மருந்து போட்டுடலாம். யாருக்காவது தெரியுமா?" என்று கேட்டார்.

அது அனிலின், எங்கள் சாயத்தின் மூலப்பொருள். எனக்குத் தெரியும். அதற்கான ஊசி மருந்து எங்கள் ஆலையின் முதலுதவி அலமாரியில் இருந்தது. இருக்க வேண்டும் என்பது விதி. வாங்கி வைத்தவன் நான். ஆலையிலிருந்து ஆஸ்பத்திரிக்கு இரண்டே தெரு. சொல்லியிருந்தால் பிழைத்திருப்பாள். நான் சொல்லவில்லை. மச்சினி என் தோளில் சாய்ந்து அழுதுகொண்டிருந்தாள், அவளுக்குக் குடிக்கத் தண்ணீர் வாங்கிவரப் போனேன்.

ஆனால் ஒன்றை மட்டும் அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். டாக்டர் எல்லோரையும் பார்த்துப் பொதுவாகத்தான் கேட்டார். என் முகத்தைப் பார்த்துக் கேட்டிருந்தால் நான் பொய் சொல்லியிருக்க மாட்டேன்.