டப்பா மாறிய பத்து நாள்

வயிற்று வைத்தியம் பேசாத பேருந்து சேலம்–நாமக்கல் தடத்தில் ஓடியதே இல்லை. அன்றைக்கு என் முன்சீட்டில் ஒரு கோழிப்பண்ணைக்காரரும் அவர் மனைவியும் உட்கார்ந்திருந்தார்கள். புதுச்சத்திரம் தாண்டும்போது அந்த அம்மா சொன்னது என் தூக்கத்தைக் கலைத்தது.

“ஏனுங்க, கோவிச்சுக்காதீங்க. பத்து நாளா உங்களுக்கு மோர்ல கலந்து குடுத்தது கோழிப் பவுடருங்க.”

“என்ன புள்ள சொல்ற?”

“கோழிக்கு வயிறு சரியா இருக்கோணும்னு பண்ணைக்கு வாங்குனமுல்லங்க, அது. அதும் உங்க வயித்துப் பவுடரும் ஒரே மாதிரி வெள்ள டப்பா. மாத்தி எடுத்துட்டனுங்க.”

“அப்ப நான் சேலத்துல வாங்கியாந்த பவுடரு?”

“கோழித் தண்ணித் தொட்டியில கலந்துட்டனுங்க.”

அவர் வயிற்றைத் தடவிப் பார்த்துக்கொண்டார்.

“ஆனா எனக்கு உப்புசமெல்லாம் போயிருச்சே! அந்தப் பவுடர வாங்குங்கன்னு ஊரெல்லாம் சொல்லிட்டனே, புள்ள!”

“பவுடரா பண்ணுச்சு? ஏழு மணிக்குச் சோத்துக்கு முன்னால குடிக்கோணும்னு கடைக்காரரு சொன்னாரு. அதுக்காக நேரத்துல ஊட்டுக்கு வந்து சாப்புட்டீங்க. ராத்திரி பத்து மணிப் புரோட்டா நின்னு போச்சு.”

அவருக்கு விட்டுக்கொடுக்க மனசில்லை.

“கோழிக்கெல்லாம் வயிறு நல்லாத்தான இருக்குது? அது எம்பட பவுடராலதான?”

“கோழி எந்தக் காலத்துலீங்க பத்து மணிக்குப் புரோட்டா தின்னுது?”